நிழலுக்கும் சீட்டா?

ஆவணி பிறந்துவிட்டால் தஞ்சைத் தரணியின் சாலைகளில் காவிச் சட்டைக் கூட்டம் நடக்கத் தொடங்கிவிடும். வேளாங்கண்ணியில் கொடியேறுவது ஆகஸ்டு 29ஆம் நாள். திருநாள் செப்டம்பர் 8. திருச்சியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் கால்நடையாகவே வருகிறார்கள். தள்ளுவண்டியில் ஒரு சிறு தேர், தோளில் ஒரு பை, காலில் துணிக்கட்டு. வல்லம் தாண்டி, தஞ்சை தாண்டி, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர் என்று அந்தக் கூட்டம் நகருகிறது. பெரும்பாலோர் கூலிக்காரர்கள், ஆண்டு முழுதும் பிறருக்காக நடந்த கால்கள், நான்கு நாள் தங்களுக்காக நடக்கின்றன. அவர்களுடைய நம்பிக்கை அவர்களுக்கு. நாம் அதைப் பற்றி இங்கே பேச வரவில்லை. நாம் பார்த்தது ஒன்றே ஒன்று: நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த நூற்றுக்கணக்கான கண்களும் தேடுவது கோபுரத்தை அல்ல, ஒரு மரத்தை!

புளியும் புங்கனும் இருபுறமும் கை கோத்து நின்ற சாலைதான் அது. சாலை அகன்றது, மரம் போயிற்று. வண்டி வேகமாகப் போகிறது. நடப்பவன் வெந்து போகிறான். வேகம் யாருக்கு, வேக்காடு யாருக்கு என்று கேட்டால், "வளர்ச்சிக்கு விரோதி" என்று நம்மைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நிழலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தஞ்சைக்காரனுக்கு நினைவில் முதலில் வந்து நிற்பது சிவகங்கைப் பூங்கா. பெரிய கோயிலின் மதிலை ஒட்டி, சின்னக் கோட்டைக்குள், சிவகங்கைக் குளத்தைச் சுற்றிக் கிடக்கும் பூங்கா. 1871-72ஆம் ஆண்டில் தஞ்சை நகராட்சி அதை அமைத்தது. நகராட்சியே 1866இல்தான் பிறந்தது. பிறந்து ஆறாண்டு ஆவதற்குள் அது செய்த நல்ல காரியங்களில் ஒன்று இது என்று தயங்காமல் சொல்லலாம். யாருக்காக அமைத்தது? அரண்மனைக்காகவா? இல்லை. அரண்மனையின் கதை 1855இலேயே முடிந்துவிட்டது; கடைசி மராட்டிய மன்னன் ஆண்வாரிசின்றி மறைய, கும்பினிக்காரன் ஊரை எடுத்துக்கொண்டான். 1861-62இல் நாகையிலிருந்து தஞ்சை வழியே திருச்சிக்கு இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மன்னன் போய், மன்றம் வந்த காலம் அது. அந்த மன்றம் இதற்கு வைத்த பொருள்: மக்கள் பூங்கா. இந்தச் சொல்லைத் தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

பூங்காவுக்கு முன்னால் குளம். குளத்துக்கு முன்னால் ஏரி. பழைய நாளில் இதை அமைத்தவர்கள் மூளையுள்ளவர்கள், ஐயா! மேற்கே செவ்வப்ப நாயக்கன் ஏரியில் மழைநீர் தேங்கும். மண்ணும் சேறும் அங்கேயே அடியில் தங்கும். தெளிந்த நீர் மட்டும் சிவகங்கைக் குளத்துக்கு வரும். குளத்திலிருந்து நிலத்தடிக் குழாய்வழியாக அரண்மனைப் பக்கத்துக்கும், ஊருக்குள் இருந்த அய்யன்குளம் போன்ற குளங்களுக்கும் போகும். சிவகங்கைத் தண்ணீர் இனிக்கும் என்பது ஊர்ப் பேச்சு. மின்விசைப் பம்பு கிடையாது, எண்ணெய் எஞ்சின் கிடையாது; நிலத்தின் சரிவே வேலைக்காரன், கூலி கேட்காத வேலைக்காரன். குழாய்த் தண்ணீர் வந்தபின் இந்த வழியை நாம் மறந்தோம். மறந்து, அதன் மேல் வீடு கட்டினோம், சாக்கடையைத் திருப்பினோம். அண்மையில் அந்தப் பழைய நீர்வழியைத் தேடிக் கண்டெடுத்து, அய்யன்குளத்துக்கு மீண்டும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பாராட்ட வேண்டிய வேலை, பாராட்டுகிறோம்.

பக்கத்திலேயே சுவார்ட்ஸ் பாதிரியார் 1779இல் எழுப்பிய தேவாலயம். அதனுள்ளே, பாதிரியாரின் மரணப் படுக்கையைக் காட்டும் பளிங்குச் சிற்பம். சரபோஜி மன்னர் இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தது. ஒருபுறம் 1010இல் முடிந்த கோயில், ஒருபுறம் தேவாலயம், நடுவே குளமும் மரமும். கோயிலைப் பற்றி ஆயிரம் புத்தகம் உண்டு. நடுவில் இருக்கும் மரத்தைப் பற்றி யார் எழுதினார்கள்?

நாம் சிறுவராக இருந்தபோது தஞ்சைக்கு வருவதென்றால் அது ஒரு திருவிழா. அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் தை, மாசியில், அப்பனின் தோளில் ஏறியோ, அத்தையின் முந்தானையைப் பிடித்தோ வருவோம். பெரிய கோயில் நந்தியைப் பார்த்தாயிற்றா? உடனே அடுத்தது, "மான் பார்க்கப் போவோம்!" சிவகங்கைப் பூங்காவின் புள்ளிமான்கள், தஞ்சை மாவட்டத்துக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த மான்கள். காட்டை ஒருநாளும் காணாத பண்ணையாளின் பிள்ளை, அந்தக் கம்பிக்கு இப்புறம் நின்று, முதன்முதலாக ஒரு காட்டு விலங்கின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தது அங்கேதான். கையில் ஒரு பொட்டலம் வறுகடலை. அது போதும் அன்றைய நாளுக்கு. ஊர் திரும்பி ஒரு வாரம் அதே பேச்சு.

பெரியவர்களுக்கு வேறு காரணம். பேருந்து மாலையில்தான், அதுவரை பகலைக் கழிக்க இடம் வேண்டுமே! ஓட்டலில் உட்கார்ந்தால் காசு, கடையில் நின்றால் "என்ன வேண்டும்?" என்ற கேள்வி. பூங்காவில் ஒரு மரத்தடியில் துண்டை விரித்தால் கேட்பார் இல்லை. ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரியில் மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்துவிட்டு, பார்வை நேரம் வரும்வரை வெளியே காத்திருக்கும் வேதாரணியத்துக் கிழவிக்கும், பட்டுக்கோட்டைக் கிழவனுக்கும் ஒரு பொது மரத்தின் நிழல் எவ்வளவு பெரிய வீடு என்பது, குளிர்பதன அறையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியுமா? தேர்வுக்குப் படிக்கிற பையனுக்கு அதுவே படிப்பறை. வீட்டில் ஒரே அறை, அதில் ஆறு பேர். மூட்டை தூக்கி முதுகு ஒடிந்தவனுக்கு அதுவே படுக்கை. சம்பளத்தகராறு முற்றினால் நாலு தோழர்கள் கூடிப் பேச அதுவே அலுவலகம்!

"பொது" என்ற சொல் இந்த மண்ணில் சும்மா கிடைத்த சொல்லன்று. பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுக்கட்டடம் எல்லோருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டசபையில் 1924இல் ரெட்டமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொது என்று பெயர் வைத்துவிட்டு, பாதிப் பேரை வெளியே நிறுத்தியிருந்த நாடு இது! பக்கத்திலிருக்கும் பெரிய கோயிலின் வாயில் எல்லோருக்கும் திறந்தது 1939இல். கட்டி முடித்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது ஆண்டு கழித்து. அதன் பிறகும் என்ன? கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, 1968 டிசம்பர் 25இல், கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கடக்கிறார்களே கீழ்வேளூர், அந்த வட்டாரம்தான். இப்படிப்பட்ட மாவட்டத்தில், யாரும் யாரையும் "நீ எந்தத் தெரு?" என்று கேட்காமல் ஒரே மரத்தடியில் உட்காரக் கூடிய இடம் இருக்கிறதென்றால், அதன் மதிப்பை ரூபாய்க் கணக்கில் எழுத முடியாது.

ஆனால் எழுதுகிறார்கள்! நுழைவுச் சீட்டு, வண்டி நிறுத்தச் சீட்டு, படகுச் சீட்டு, படம் பிடிக்கச் சீட்டு. நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் இதுதான் நடைமுறை. பத்து ரூபாய்தானே என்பார்கள். ஒரு குடும்பத்தில் ஐந்து பேர். பத்து ரூபாய் ஐம்பதாகிறது. ஐம்பது ரூபாய்க்கு ஒரு வேளை அரிசியும் பருப்பும் வரும். சீட்டு வைத்த அன்றே கிழவி வாயிலோடு நின்றுவிடுகிறாள். "வேண்டாதவர்கள் வருவது குறைந்துவிட்டது" என்று அதைப் பெருமையாக வேறு பேசுகிறார்கள். வேண்டாதவர்கள் யார், ஐயா? யாருக்கு வேண்டாதவர்கள்?

தஞ்சை 2016இல் திறன்மிகு நகரத் திட்டத்தில் சேர்ந்தது. அதன் கீழ்ப் பூங்காவைப் புதுப்பிக்கும் வேலை எடுத்துக்கொள்ளப்பட்டு, அதற்காகப் பூங்கா ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. புதுப்பிப்பதற்கு நாம் எதிரியல்லோம். உடைந்த இருக்கையும் நாறும் கழிப்பிடமும் ஏழைக்குப் போதும் என்று நினைப்பவர்கள் நாம் அல்லர். ஆனால், அழகுபடுத்துதல் என்றால் சிமெண்டு என்று யார் சொன்னது? தமிழ்நாட்டின் எந்த நகராட்சியிலும் பாருங்கள்: பூங்காவுக்குப் பணம் வந்தால் முதலில் வருவது கருங்கல் பலகை, அடுத்து வண்ணக்கல் தளம், அதற்கடுத்து நீரூற்று, அதற்கடுத்து யானை வடிவில் ஒரு குப்பைத்தொட்டி! மரத்தின் அடிவரை கல் பாவிவிடுகிறார்கள். வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இடுக்கில் காற்றும் நீரும் இறங்க வேண்டும். கழுத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசினால் ஐந்தாண்டோ பத்தாண்டோ நின்று பார்த்து, ஒரு புயலில் சாய்ந்துவிடும். பிறகு, "பழைய மரம், ஆபத்து" என்று மீதியையும் வெட்டுவார்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் டெல்டாவில் சாய்த்த மரங்களை நாம் மறக்கவில்லை. புயல் போனதும் மின்கம்பத்தைக் கணக்கெடுத்தோம், தென்னையைக் கணக்கெடுத்தோம். நிழல் மரத்துக்கு யார் கணக்கு எழுதினார்கள்?

மரம் என்றால் சும்மா நிற்கும் கட்டை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. தூங்குமூஞ்சி மரத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கே வந்து சேர்ந்த மரம். நம் கச்சேரி வளாகங்களிலும் இரயிலடிகளிலும் பழைய தோட்டங்களிலும் குடை பிடித்து நிற்பது அதுதான். பொழுது சாய்ந்ததும் இலையை மூடிக்கொள்ளும்; மழை மேகம் கவிந்தாலும் மூடிக்கொள்ளும். ஆகையால் மழைத்துளி தடையின்றி அடிமண்ணுக்கு இறங்குகிறது. காயில் ஒருவகை இனிப்பு. ஆடுமாடு விரும்பித் தின்னும். வெளியூரிலிருந்து வந்தது என்பதற்காக யாரும் அதை விரட்டவில்லை, உழைத்தது, உள்ளூராயிற்று.

ஆலையும் அரசையும் எடுத்துக்கொள்வோம். அவற்றின் பழத்துக்குள்ளேதான் பூ. அந்தப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோக ஒரு சின்னஞ்சிறு குளவி; ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு வேறு குளவி. குளவி இல்லையேல் விதை இல்லை. மரம் இல்லையேல் குளவி இல்லை. பழுத்த நாளில் மைனாவும் குயிலும் கிளியும் பச்சைப்புறாவும் பகல் முறை வேலைக்கு வருகின்றன. இரவு முறைக்குப் பழந்தின்னி வௌவால். ஆம், பஞ்சாலையில் இருப்பதுபோல் இங்கேயும் முறை மாற்றம் உண்டு! இரவில் பூக்கும் இலுப்பையின் மகரந்தத்தைச் சுமப்பது இந்த வௌவால்தான். இலுப்பை எண்ணெயில் ஆயிரம் ஆண்டு கோயில் விளக்கு எரிந்தது. விளக்கேற்றியவனுக்குப் பெயர் கிடைத்தது. வௌவாலுக்கு என்ன கிடைத்தது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் எழுதி வைத்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீங்கிற்று. இரவெல்லாம் வேலை செய்கிறவனைத் திருடன் என்று ஐம்பது ஆண்டு சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தோம்! இப்போது பூங்காக்களில் விடிய விடிய வண்ண விளக்கு எரிய விடுகிறார்கள். அந்த வெளிச்சம் வௌவாலுக்கு ஆகாது.

இனி அந்த "மக்கள் பூங்கா" என்ற சொல்லுக்கு வருவோம். சென்னையிலும் ஒரு மக்கள் பூங்கா இருந்தது. சென்ட்ரல் இரயிலடியில் இறங்குகிற தோழர்கள் எதிரே பார்க்கிறார்களே, பூங்கா நிலையம், பூங்கா நகர் என்ற பெயர்கள், அவை அந்தப் பூங்காவின் மிச்சம். 1859-60இல் கவர்னராக இருந்த டிரெவிலியன் தொடங்கி வைத்தது. அந்த மனிதர், புதிய வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக ஓராண்டிலேயே இலண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டவர். வெள்ளைக்காரர்களிலும் இப்படி ஒருவர். ஏறத்தாழ 116 ஏக்கர். குளங்கள், பாதைகள், வாத்திய மேடை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1855இல் பால்பர் என்ற டாக்டர் தொடங்கிய விலங்குக்காட்சி, 1863இல் இங்கே வந்தது. ஆண்டு முடிவில் இங்கே நடந்த கண்காட்சிக்குச் சென்னையே திரளும். 1886 டிசம்பர் 31இல் அந்தக் கண்காட்சிக் கொட்டகையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அந்த 116 ஏக்கர் எங்கே? 1880களில் ஒரு மூலையில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வந்தது. விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் தேவையானதுதான், ஒவ்வொன்றும் அழகானதுதான். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது! எவனும் ஒரே நாளில் பூங்காவை விழுங்கவில்லை. நல்ல காரியத்துக்காக ஒரு துண்டு, மக்களுக்காக ஒரு துண்டு என்று மக்களிடமிருந்தே அறுத்தார்கள். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. ஏழை மாணவன் பழைய புத்தகம் வாங்கிய அந்த இடத்தில் இன்று புறநகர் இரயில் முனையம். கடைக்காரர்களுக்கு மாற்று இடம் தந்தார்கள். அந்தக் கட்டடத்தின் பெயர் அல்லிக்குளம் வணிக வளாகம். குளம் போய்விட்டது, அல்லி போய்விட்டது, பெயர்ப்பலகை நிற்கிறது! அதே 1985இல் விலங்குகள் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்னொரு பூங்காவும் சென்னையில் உண்டு. சிந்தாதிரிப்பேட்டையில், நேப்பியர் கவர்னர் பெயரால் இருந்தது. தஞ்சையில் சிவகங்கைப் பூங்கா அமைந்த அதே காலத்துக் கவர்னர் அவர். 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் முதல் மேதினக் கொடி ஏற்றிய நகரத்தில், 1990இல் அந்தப் பூங்காவுக்கு "மே தினப் பூங்கா" என்று பெயர் மாறிற்று. பெயரும் உழைப்பாளி பெயர், இடமும் உழைப்பாளி கையில். இப்படியும் நடக்கிறது.

சிவகங்கைப் பூங்காவின் மான்கள்? அவையும் போய்விட்டன. அண்மை ஆண்டுகளில் அவற்றைப் பிடித்துக் கோடியக்கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர். 1967இல் வெளிமானுக்காக அமைந்த சரணாலயம். 2002இல் உலக ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. பூநாரை வரும், உப்பளம் வெளுத்துக் கிடக்கும், யாரோ எப்போதோ கைவிட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் காட்டுக்குதிரையாக ஓடும். உலர்ந்த பசுமைமாறாக் காடு அது. அங்கே புள்ளிமான் முன்பே உண்டு.

மானுக்கு இது நல்லதா? நல்லதுதான் என்று உள்ளபடி சொல்கிறோம். கம்பிக்குள் பிறந்து கம்பிக்குள் சாவதைவிட, கஜா சிதைத்து மீண்டும் துளிர்த்த அந்தக் காட்டில் ஒரு நாள் ஓடிவிட்டுச் சாவது மேல். சிறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மானின் சிறையை மட்டும் தாங்கிப் பேச முடியாது. ஆனால் மானுக்கு விடுதலை தந்தவர்கள், மான் பார்க்க வந்த பிள்ளைக்கு என்ன தந்தார்கள்? அது நம் கேள்வி. நாகை மாவட்டத்து நகரவைப் பள்ளியில் படிக்கிற எத்தனை பிள்ளைகள் கோடியக்கரையைப் பார்த்திருக்கிறார்கள்? வேளாங்கண்ணிக்கு வருகிற இலட்சக்கணக்கானவரில் எத்தனை பேருக்கு, தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இப்படி ஒரு காடு இருப்பது தெரியும்? கோயிலுக்கு விடும் சிறப்புப் பேருந்துபோல, ஆண்டுக்கு ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பேருந்து விட அரசால் ஆகாதா?

தஞ்சை 2014இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெரிய மன்றம், பெரிய கட்டடம், பெரிய வரவு செலவு. அந்த மன்றத்தில் உட்காரும் தோழர்களிடம், கட்சி பார்க்காமல் எல்லோரிடமும், நாம் கேட்பது பெரிய தொகையன்று. பூங்காவின் வாயிலில் நுழைவுச் சீட்டு கூடாது. விளையாட்டுக்கும் படகுக்கும் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், நிழலுக்கு வாங்காதீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, பெயர் எழுதி, கணக்கு வையுங்கள். எந்த மரத்தை வெட்டினாலும் மன்றத்தில் வைத்து, ஏன் என்று சொல்லிவிட்டு வெட்டுங்கள். அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்குக் கல் பாவாதீர்கள். செவ்வப்ப நாயக்கன் ஏரியிலிருந்து குளத்துக்கு வரும் வழியை ஆடிக்கு முன் ஒருமுறை தூர் வாருங்கள். குடிநீர்க் குழாயும் பெண்களுக்குக் கழிப்பிடமும் பூட்டில்லாமல் இருக்கட்டும்.

நேரம் ஒன்று பாக்கி. மாலை ஐந்துக்குத் திறந்து எட்டுக்குப் பூட்டுகிற பூங்கா, மாலை எட்டுவரை கடையில் நிற்கிறவனுக்கு எந்தக் காலத்திலும் திறக்காத பூங்கா. விடியல் ஐந்துக்குத் திறங்கள், இரவு ஒன்பதரைக்கு மூடுங்கள். காவலாளிக்கு இரண்டு முறை வேலை ஆகும். ஆகவே இன்னொரு காவலாளியை நியமியுங்கள், நிரந்தரச் சம்பளத்தில். குத்தகைக்காரன் மூலமாக வேண்டாம்.